பேச்சியம்மாள் பாலில் ஒன்றுமில்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் புட்டிங் கிளறினோம். கிளறினோம் என்று எழுதிவிட்டேன். கிளறியவர்கள் இரண்டு பேர்தான், என் மனைவி எடித்தும் மகள் சாராவும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே இந்த ஊரில் செய்து வைக்கும் பண்டம் அது. உலர்ந்த திராட்சை, ரொட்டித்தூள், முட்டை, சர்க்கரை எல்லாவற்றையும் பெரிய பீங்கான் சட்டியில் கொட்டி, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் மரக்கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறி, மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டியதை வெளியே சொல்லக் கூடாது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் ரேஷன் போகவில்லை. கோடைக்காலத்திலிருந்து எடித் டீயில் போடாமல் சேர்த்து வைத்த சர்க்கரை அது. வழக்கமாக இதில் பிராந்தி ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் ஊற்றுவதில்லை. அந்த அளவுக்கு என் சொல் இங்கே எடுபடும்.

சாராவுக்கு ஏழு வயது. நாற்காலிமேல் ஏறி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளறினாள். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டி, "அத்தா, வா" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்தான்: அத்தா, வா, போதும். மூன்றாவது, பரிமாறும்போது நான் சொல்லிச் சொல்லி வந்தது.

நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். "எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை, கண்ணு" என்றேன்.

"எல்லோருக்கும் ஒன்று இருக்கும்" என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

எடித் என்னைப் பார்த்தாள். "எட்டு மணி நேரம் கொதிநீரில் அவியப் போகிறது. உனக்குத் தெரியாததா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தெரியும். அதுதான் என் தொழில். இந்த நகரத்தின் குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் பதின்மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்தக் கிருமி எத்தனை டிகிரியில் எத்தனை நிமிஷத்தில் சாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் கை போகவில்லை. சாரா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என்னோடு சேர்ந்து எதையும் செய்ய அத்தாவுக்குப் பிடிப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அவளுக்கு ஒரு நாள் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு ஊருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

2

நான் மதுரைக்காரன். பழைய டவுனுக்குள், பள்ளிவாசலை ஒட்டிய ஒரு தெருவில் வளர்ந்தவன். தெருவின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அத்தாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் மவுத்தாகிவிட, எட்டு வயதிலிருந்து என்னை வளர்த்தவள் என் அக்கா ஜுலேகா. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் புருஷன் காதர் மச்சானுக்குக் குடைக்கடை. கடைக்கு வேண்டிய குடைத்துணியை அக்கா வீட்டிலேயே மிஷினில் தைத்துக் கொடுப்பாள். பகல் முழுவதும் அந்த மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

இண்டர்மீடியட் சேர்ந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்தது. நாற்பது நாள் படுக்கை. அக்கா என்னைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி புகட்டினாள். பிழைத்தேன். முடி கொட்டி முளைத்தது. பள்ளிவாசலில் சீனி வாங்கி ஓதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு அப்போது இரண்டு குழந்தைகள். ஹமீதுக்கு நான்கு வயது. மைமூன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கல்லூரி விட்டு மத்தியானம் வந்தால் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. யாரும் சொல்லி நான் செய்யவில்லை. அக்கா மிஷினில் இருப்பாள், பசியில் அவை என் காலைக் கட்டிக்கொள்ளும். ஒரே தட்டில் பருப்புச்சோறோ தயிர்ச்சோறோ பிசைந்து, "மாமு, எனக்கு" "மாமு, எனக்கு" என்று இரண்டு வாய் மாறி மாறித் திறக்க ஊட்டுவேன். கையைச் செம்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்வேன். சோப்பு என்பது குளிக்கிறதற்கு.

அடுத்த வருஷம் ஹமீதுக்குக் காய்ச்சல் கண்டது. இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டான்.

3

ஊருக்குச் சொல்ல வேண்டியது பாக்கி என்றேனே, அது இதுதான்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவள் பேச்சியம்மாள். கீழக்குயில்குடியிலிருந்து விடியுமுன் கிளம்பி, தலையில் இரண்டு பானையோடு நடந்தே வருவாள். எட்டு வீட்டுக்கு வாடிக்கை. உயரமான மனுஷி, குரல் பெரிசு. தெருமுனையில் "பாலு" என்றால் கடைசி வீட்டில் செம்பு எடுப்பார்கள். குழந்தைகள் ஓடி வந்தால் இரண்டு சொட்டு உள்ளங்கையில் ஊற்றிவிட்டுத்தான் அளப்பாள்.

ஹமீதை அடக்கம் செய்த பதினைந்தாம் நாள், நான் கல்லூரி நூலகத்தில் சுகாதார சாஸ்திரப் புத்தகம் ஒன்றைப் படித்தேன். டைபாய்டு தண்ணீராலும், அசுத்தத் தண்ணீர் கலந்த பாலாலும் பரவும் என்று அதில் இருந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது எனக்கு. மறுநாள் காலை வாசலில் நின்றேன்.

"இனிமே எங்க வீட்டுக்குப் பால் வேணாம்."

"ஏன் தம்பி?"

"நீ தண்ணி கலக்குற. அந்தத் தண்ணியிலதான் காய்ச்சக் கிருமி இருக்கு. எங்க ஹமீது அதுலதான் போனான்."

அவள் பானையை இறக்கி வைத்தாள். "தண்ணி ஊத்துவேன், இல்லன்னு சொல்லல. எங்க ஊரு ஊருணித் தண்ணி. எம் புள்ளைக நாலும் அதத்தான் குடிக்குதுக. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலயே தம்பி."

"புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

"பொஸ்தகத்துல எம் பேரு போட்டிருக்கா?"

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். பேச்சியம்மாளின் பானையைக் காலால் தள்ளினாள். பால் தெருவில் ஓடிச் சாக்கடையில் கலந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படித்த பையன் சொல்கிறான் என்பதற்காக அன்று மாலைக்குள் எட்டு வீட்டிலும் பாலை நிறுத்திவிட்டார்கள். பேச்சியம்மாள் மூன்று நாள் தெருமுனை வரை வந்து நின்றாள். நான்காம் நாள் வரவில்லை.

அதன்பிறகு சென்னையில் பி.ஏ. படிக்கப் போனேன். இரண்டு வருஷமும் வீட்டில் யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. முதல் கோடை விடுமுறையைச் சென்னையிலேயே கழித்தேன். இரண்டாவது கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஆறு வாரம் இருந்தேன். மூன்றாவது வாரம் மைமூனுக்குக் காய்ச்சல். அவளும் போய்விட்டாள். ஐந்து வயது முடியவில்லை.

இந்தத் தடவை பேச்சியம்மாள் இல்லை. பால் வேறு ஆள் ஊற்றினார். அதையும் காய்ச்சித்தான் குடித்தார்கள். யோசித்திருக்க வேண்டும். நான் வீட்டுக் கிணற்றைக் குற்றம் சொன்னேன். மச்சான் கிணற்றை மூடினார். கபுருஸ்தானிலிருந்து திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இது என்னா காய்ச்சன்னு நீயாவது படிச்சுக் கண்டுபிடிடா. இன்னொரு வீட்ல இப்பிடி ஆகக் கூடாது."

கிருமி சாஸ்திரம் படிக்க நான் கப்பலேறியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

4

ஒரு உபகாரச் சம்பளம் கிடைத்தது. மதுரையில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடி கடந்து, கொழும்பில் கப்பல் பிடித்து இந்த மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தேன். முதல் நாளே வழுக்கினேன். வீட்டுக்காரி "ஆறு மணிக்கு டீ" என்றாள். டீ எனக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அறையில் இருந்தேன். இந்தப் பக்கத்தில் டீ என்றால் இரவுச் சாப்பாடு. அன்று பட்டினி.

பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாலஜி வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். வெள்ளைக்காரர் அல்லாதவன் நான் ஒருவன். மேல்மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு காஸ் அடுப்பு, கிருமியைத் தொட்டு எடுக்க ஒரு பிளாட்டினம் கம்பி. அந்தக் கம்பியை நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்து ஆறவைத்துத் தொட வேண்டும், தொட்டபின் மறுபடி நெருப்பு. எனக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று. ஊரில் காத்துக்கருப்பு மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று இங்கே கண்ணாடித்தட்டில் வளர்ந்தது, அதற்குப் பெயரும் வடிவமும் இருந்தன. எங்கள் ஆசிரியர் டாக்டர் ஹார்ட்லி அதிகம் பேசாதவர். தவறு செய்தால் தட்டைக் கையிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்த மாசி மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெயர் நூர்ஜஹான். அக்கா சொல்லச் சொல்ல மச்சான் எழுதியிருந்தார்: "நீ போன பெறகு இந்த வீட்டுல காய்ச்சலே எட்டிப் பாக்கல. நீ படிக்கிற படிப்போட பரக்கத்துதான்." அதை நான்கைந்து தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து டைபாய்டு பாடம் வந்தது. செய்முறை வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாணவனும் தன் மலத்திலிருந்து ஒரு துளி கொண்டுவந்து, தட்டில் பூசி வளர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் குடலில் என்ன இருக்கும் என்று கற்றுக்கொள்ளத்தான். வெட்கப்பட்டுக்கொண்டே எல்லோரும் கொண்டுவந்தோம். மறுநாள் தட்டுகளைத் திறந்தால் எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளிகள். அதுதான் சாதாரணம். என் தட்டில் சிவப்புக்கு நடுவே நிறமில்லாத வெளிறிய புள்ளிகளும் இருந்தன.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. டாக்டர் ஹார்ட்லி என்னைச் சோதிக்க, யாருக்கும் தெரியாமல் என் தட்டில் டைபாய்டுக் கிருமியைக் கலந்துவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். விடக் கூடாது என்று அந்த வெளிறிய புள்ளியைத் தனியாக எடுத்து வளர்த்தேன். மைக்ராஸ்கோப்பில் அது நீந்தியது. சர்க்கரைக் குழாய்களில் புத்தகத்தில் சொன்னபடியே நடந்துகொண்டது. மூன்றாம் நாள், கண்ணாடிச் சில்லில் டைபாய்டு சீரத்தின் துளியோடு கலந்து சாய்த்தேன். திரிந்த பால் போலத் துகள் துகளாகக் கட்டியது. டைபாய்டுக் கிருமி என்றால்தான் அப்படிக் கட்டும்.

கையைத் தூக்கினேன். "கண்டுபிடித்துவிட்டேன், ஸார். நீங்கள் வைத்தது டைபாய்டு."

அவர் வந்து சில்லைப் பார்த்தார். குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். இந்தத் தடவை குப்பையில் போடவில்லை.

"நான் எதுவும் வைக்கவில்லை" என்றார்.

மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என்னருகில் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு எப்போதாவது டைபாய்டு வந்திருக்கிறதா?"

"ஆறு வருஷத்துக்கு முன்பு, ஸார்."

"நீ ஒரு கேரியர்" என்றார்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை என்றில்லை. பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த வினாடி என் கண்ணுக்குத் தெரிந்தது மச்சான் கடைக்கு நான் தூக்கிப்போகும் பித்தளைச் சாப்பாட்டு கேரியர்தான். இவர் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறார் என்று திகைத்து நின்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல் போனாலும் சிலருடைய பித்தப்பையில் கிருமி தங்கிவிடும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்காக வெளியேறிக்கொண்டே இருக்கும். அவர்கள் கைபட்ட உணவைத் தின்றவர்களுக்குக் காய்ச்சல் வரும்.

"உனக்குப் பிறகு உன் வீட்டில் யாருக்காவது வந்ததா?"

"இல்லை, ஸார்" என்றேன்.

அறைக்குப் போகவில்லை. கால்வாய்க்கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். கணக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. நான் வீட்டில் இருந்தபோது காய்ச்சல். நான் சென்னையில் இருந்தபோது இல்லை. விடுமுறைக்கு வந்தேன், காய்ச்சல். கப்பலேறினேன், இல்லை. வகுப்பில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: யார் இருக்கும்போது நோய் வருகிறது, யார் போனதும் நிற்கிறது என்று பார். பேச்சியம்மாள் அதை வாசலிலேயே சொன்னாள், தன் நான்கு பிள்ளைகளை வைத்து.

5

மறுநாள் போய் டாக்டர் ஹார்ட்லியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். பிறகு நகரச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு பாரம். பெயர், வயது, விலாசம். உணவு தொடர்பான எந்த வேலையும் பார்ப்பதில்லை என்று ஒரு உறுதிமொழி. வீடு மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். கடைசியில், ஒரு விரல் அகலக் கட்டம்: "தங்களிடமிருந்து நோய் பெற்றதாக அறியப்பட்டவர்கள்." அதில் '2' என்று எழுதினேன்.

குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "பெயர், விலாசம்?"

"ஹமீது, மைமூன். மதுரை, இந்தியா."

"ஓ" என்றார். "அது எங்கள் எல்லைக்கு வெளியே." சிவப்பு மையால் என் இரண்டை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதி, அதன்கீழ் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விதிப்படி செய்தார்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் சிலருக்குச் சரியாகும் என்றார்கள். படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொண்டேன். அந்த வார்டில் நர்ஸாக இருந்தவள்தான் எடித். ஆறு மாதம் மாதாமாதம் சோதித்தார்கள், சுத்தம். கொழும்புக் கப்பலுக்கு இடம்கூடக் கேட்டு எழுதிவிட்டேன். ஏழாவது மாதம் தட்டை நானே திறந்தேன். வெளிறிய புள்ளிகள்.

இந்த வருஷம் டைபாய்டுக்கு ஒரு புது மருந்து வந்திருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவர்களைப் பிழைக்க வைக்கிறதாம். என்னைப் போன்றவர்களுக்கு அது உதவாது என்று விசாரித்துவிட்டேன்.

எடித்துக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கட்டிக்கொண்டாள். "உனக்குக் கை கழுவத் தெரியும். உலகத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது" என்பாள். ஆனால் சாரா பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்கு ஒரு வாய்கூட ஊட்டியதில்லை. அவளுடைய ரொட்டியைத் தொட்டதில்லை. என் கோப்பை தனி, துண்டு தனி. அவள் சிறியவளாக இருந்தபோது கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள்.

6

அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றுதான் கேட்டாள்: எப்போது வருகிறாய்? பரீட்சை என்று எழுதினேன். வேலை நிரந்தரமாகட்டும் என்று எழுதினேன். கல்யாணத்தைத் தாமதமாகத் தெரிவித்தேன். வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டதால்தான் வரவில்லை என்று அவர்களாக நினைத்துக்கொள்ள விட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு யுத்தம் வந்தது. இந்த நகரமெல்லாம் குண்டு விழுந்த அந்த வருஷங்களில் எனக்கு ஒரே ஒரு நிம்மதி: வராததற்குப் பொய்க் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் கடிதங்களை நூர்ஜஹான் எழுத ஆரம்பித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த குழந்தை. அம்மா பேசுவதை அப்படியே எழுதுவாள், அதனால் காகிதத்தைப் பிரித்தால் அக்கா எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். போன வருஷம் வந்த கடிதத்தில், தெரு விசேஷங்களுக்கு நடுவே இப்படி இருந்தது:

"ஒம் மச்சானோட காளவாசப் பக்கம் ஒரு சோலியா போனேன். அங்க சூளையில அந்தப் பால்காரி பேச்சி செங்கல் செமந்துக்கிட்டு இருந்தா. தெருவுல பால நிறுத்துன பெறகு வேற பக்கமும் யாரும் வாங்கலயாம், மாட்டையெல்லாம் வித்துட்டாளாம். கெழவியாட்டம் ஆயிட்டா. என்னையப் பாத்து நின்னா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். எம் புள்ளைகள மண்ணுக்குள்ள வச்சவள நான் எதுக்குப் பாக்கணும்?"

அன்று வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பதினாறு பக்கம் எழுதினேன். தட்டில் கண்டதிலிருந்து சிவப்பு மை வரைக்கும் எதையும் விடவில்லை. மச்சான் பெயருக்கு அனுப்பினேன். நூரு படித்துக் காட்ட வேண்டாம், நீங்கள் படியுங்கள் என்று மேலே எழுதினேன்.

7

ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது. நூருவின் கையெழுத்துதான்.

"மாமு, அம்மா சொல்லச் சொல்ல எழுதுறேன். எனக்கு எல்லாம் தெரியும், அம்மாவே சொல்லிருச்சு" என்று தொடங்கியிருந்தாள். அதன்பிறகு அக்கா:

"ஒங் காயிதத்த ஒம் மச்சான் படிச்சாங்க. பாதியில எந்திரிச்சிட்டேன். மிச்சத்த மறுநா கேட்டேன். ரெண்டு மாசம் இந்த வீட்ல ஒம் பேர எடுக்க விடல. ஒன்னையத் திட்டி அழுதேன். பெறகு ஒனக்காகவும் அழுதேன்.

"பெறகு காளவாசலுக்குப் போனேன். பேச்சி இருந்தா. 'பேச்சி, ஒம் பால்ல ஒண்ணும் இல்லையாம்'னேன். 'அது எனக்கு அப்பவே தெரியுமே'ன்னா. என்னைய மன்னிச்சிருன்னு கேட்டேன். சும்மாட்டச் சுத்தித் தலையில வச்சுக்கிட்டுப் போயிட்டா. கொஞ்சத் தூரம் போயித் திரும்பி, 'எங்கிட்டச் சொல்லி என்னம்மா? ஒங்க தெருவுல போயிச் சொல்லு'ன்னா. எட்டு வீட்லயும் ஏறி எறங்கிச் சொன்னேன். யாரும் நம்பல. 'தம்பி வெள்ளக்காரியக் கட்டிக்கிட்டான்னு அவன்மேல இம்புட்டுக் கோவமா ஒனக்கு'ன்னு கேக்குறாக. நீ படிச்சவன். அன்னைக்கு நீ சொன்னதத்தான் நம்புனாக. இன்னைக்கும் நீயே சொல்லு. அச்சுல எழுது, எல்லாரும் படிக்கட்டும்.

"நூருக்கு நிக்கா பேசியிருக்கு. நீ வராத. கோவத்துல சொல்லல. நீ வந்து நின்னா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஒனக்குச் சோறு போட்டு, நூருக்கு ஒரு வாய் பிசைஞ்சு குடுடான்னு எம் வாயே சொல்லிரும். நீயும் குடுத்துருவ. என்னையவே எனக்கு நம்பிக்க இல்ல. அதுனால வராத."

அக்கா சொன்னபடி அச்சில் எழுதுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். கீழக்குயில்குடி பேச்சியம்மாள் ஊற்றிய பாலில் எந்தக் கிருமியும் இல்லை. கிணற்றிலும் இல்லை. என் அக்காவின் இரண்டு குழந்தைகளும் இறந்தது என் கையால். ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டு, வாசலில் நின்று ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவனும் நான்தான். அவள் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். நான் அவளுக்குத் தனியாக இரண்டு கடிதம் எழுதினேன். சூளை மேஸ்திரி படித்துக் காட்டினாராம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாளாம். பதில் சொல்ல அவளுக்கு ஒன்றும் கடமையில்லை.

8

நூருவின் நிக்கா நடந்த அன்று நான் இங்கே ஆற்றுத் தண்ணீர் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அக்காவின் கடிதங்கள் மாறிவிட்டன. வா என்று கேட்பதில்லை. ஊர்ச் செய்தி இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கேள்வி மட்டும் இருக்கும். அவள் குழந்தைகள் சாப்பிட்டதை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பார்த்தவன் இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான்.

முதலில், "ஹமீது எந்தச் சோறுன்னா நல்லா சாப்பிடுவான்?" என்று கேட்டாள். தயிர்ச்சோறு என்று எழுதினேன். வெங்காயம் தட்டுப்பட்டால் எடுத்துத் தன் முழங்காலில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வான் என்றும் எழுதினேன். "மைமூன் சேட்ட பண்ணுவாளா?" என்று கேட்டாள். கன்னத்தில் அதக்கிக்கொண்டு, முழுங்கிவிட்டதாக வாயைத் திறந்து காட்டி ஏமாற்றுவாள், அண்ணன் காட்டிக்கொடுத்தால் அவனைக் கிள்ளுவாள் என்று எழுதினேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பல நாள் யோசிப்பேன். ஞாபகம் இல்லாததை எழுத மாட்டேன் என்று எனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருஷம் அவளுக்குப் பொய் எழுதியாயிற்று.

புட்டிங் கிளறிய மறுநாள் அடுத்த கடிதம் வந்தது. நூரு இப்போது புருஷன் வீட்டிலிருந்து வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள் போலிருக்கிறது. நான்கே வரி.

"மைமூனு காய்ச்சல்ல கெடந்தப்ப, கடேசி நாளு மத்தியானம், நான் செவுத்துல சாஞ்சபடிக்கே கொஞ்சம் கண்ணசந்துட்டேன். மூணு நாத் தூக்கம். நீ பக்கத்துல ஒக்காந்திருந்த. அப்ப அவ என்னையத் தேடுனாளா? மறைக்காம எழுது."

ஐந்து நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். எடித்திடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "இல்லை என்று எழுதிவிடேன்" என்றாள் அவள். அவள் நர்ஸ். எத்தனையோ தாய்மார்களைப் பார்த்தவள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பதிலைத் தபாலில் போட்டேன். தேடினாள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை அம்மா எங்கே என்று கேட்டாள், நீ மூன்று நாளாகத் தூங்கவில்லையே என்று நான் உன்னை எழுப்பவில்லை, அம்மா இதோ வந்துவிடுவாள் என்று அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன்.